அண்ணனைத் தூங்கச் சொன்ன காலை

1

"அத்தை, அப்பா போன்ல சார்ஜ் ஏறிடுச்சு."

ஜென்சியின் குரல் பதிவு வந்தபோது நான் ஆர்ஹூஸ் நகரத்து டிராம் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டென்மார்க்கில் நவம்பர் மாதத்துக் காலை எட்டு மணி நம் ஊர் மாலை ஆறரை மாதிரி இருக்கும். வெளியே மழை. வண்டிக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

ஜென்சி என் அண்ணன் மகள். முடிச்சூரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள், பன்னிரண்டாம் வகுப்பு. என் அண்ணன் சாமுவேல் இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அவனுடைய கைபேசி பத்து வருஷமாக பீரோவில் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது. அதை அவள் மேற்கு தாம்பரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் பேட்டரி மாற்றியிருக்கிறாள்.

அடுத்த பதிவு வந்தது. "போட்டோல்லாம் அப்படியே இருக்கு அத்தை. வண்டி தண்ணியில நிக்கிறது, அம்மா மாடியில அடுப்பு வெச்சுகிட்டு இருக்கறது, எல்லாம். கால் லிஸ்ட்ல கடைசியா உங்க பேரு இருக்கு. 'பாப்பா டென்மார்க்'னு. அன்னிக்குக் காலையில பத்து இருபதுக்கு. ஏழு நிமிஷம் பேசியிருக்கீங்க. அப்பா என்ன பேசினாரு?"

இரண்டு நிறுத்தங்கள் போயின. நான் எழுத்தில் பதில் அனுப்பினேன்: "சும்மாதான்மா. வெள்ளம் வடிஞ்சதைப் பத்திப் பேசினோம்."

அனுப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

2

நான் பாம்பு விஷத்தை ஆராய்கிறவள். தாம்பரத்தில் விலங்கியல் படித்தேன். பிறகு இங்கே வந்து ஆய்வுப் பட்டம் வாங்கி, வேலையும் கிடைத்து, ஊரைப் போல இந்த இடமும் பழகிவிட்டது.

டேனிஷ் மொழியில் விஷத்துக்கு 'கிஃப்ட்' என்று பெயர். கல்யாணமானவருக்கும் அதே சொல்தான். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் ஒரு அம்மாள் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கிஃப்ட்?" என்று கேட்டார். என்ன வேலை என்று கேட்கிறார் போலும் என நினைத்து, "ஆமாம், பாம்பு கிஃப்ட்" என்றேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இதை அண்ணனிடம் சொன்னபோது, "அவங்க பாஷைதான் கரெக்ட். பிரபுவைக் கேட்டுப் பாரு" என்றான். பிரபு என் கணவர்.

ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். பாம்பே இல்லாத நாட்டில் பாம்பு விஷத்துக்கு என்ன ஆராய்ச்சி? நியாயமான கேள்வி. இங்கே விஷப் பாம்பு ஒரே வகைதான். சின்ன விரியன். அதை நேரில் பார்த்தவர்களே குறைவு. என் மகள் லியா அதைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

ஆனால் உலகம் முழுக்க இந்தத் துறை இப்போது வேகம் பிடித்திருக்கிறது. பாம்புக்கடிக்கு நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே வழிதான் இருந்தது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குவது. இப்போது குதிரை இல்லாமல் அந்த எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே உண்டாக்கப் பார்க்கிறார்கள். பல பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவாக வேலை செய்கிற ஒன்றைத் தேடுகிறார்கள். விஷத்தின் மேல் பூட்டுப் போல மாட்டிக்கொள்ளும் புரதத்தைக் கணினியிலேயே வடிவமைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே விழுங்கும்படி மாத்திரை வருமா என்று ஒரு கூட்டம் உழைக்கிறது. விஷத்திலிருந்தே ரத்த அழுத்தத்துக்கும் வலிக்கும் மருந்து எடுப்பது இன்னொரு பக்கம். கருத்தரங்குகளுக்குப் போனால் பிரேசில்காரர், ஆப்பிரிக்கக்காரர், ஆஸ்திரேலியர், நம்மவர் எல்லோரும் இருப்பார்கள். இயந்திரங்களும் நிதியும் அதிகமாக இருப்பது பாம்பு கடிக்காத ஊர்களில்தான். கடிபடுகிறவர் அந்த அரங்கத்தில் ஒரு எண்ணாக வருவார். திரையில் ஒரு நொடி நின்று போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் ராஜஸ்தானில் இருப்பதன் விஷமும் நம் பக்கத்தில் இருப்பதன் விஷமும் ஒன்றல்ல. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாகச் சென்னைக்குத் தெற்கே இருளர்கள் பிடிக்கிற பாம்புகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் தூரத்து மாநிலங்களில் அந்த மருந்து சில நேரம் சரியாகக் கேட்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் பற்றி நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் எனக்குள் வேறொரு வாக்கியம் ஓடும். முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் எடுத்த விஷம் அது. என் அண்ணனுக்கு அந்த மருந்து அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருக்கும்.

3

நாங்கள் முடிச்சூரில் வீடு கட்டியபோது எதிர் மனையில் இன்னும் நெல் விளைந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் பாம்பு வருவது பால் பாக்கெட் வருவது மாதிரி சாதாரணம். அண்ணன் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எந்தப் பாம்பையும் அடிக்க விட மாட்டான். துடைப்பத்தால் மெல்லத் தள்ளி வேலிக்கு அப்பால் விடுவான். நான் இங்கே வந்த பிறகு போட்டோ எடுத்து அனுப்புவான். "இது என்ன பாப்பா?" நான் பெயர் சொல்லுவேன். சாரை. தண்ணிப் பாம்பு. ஒரு முறை, "அண்ணா, கிட்டப் போகாத, கட்டுவிரியன்" என்று எழுதினேன். "போய்ட்டாரு. கதவு வரைக்கும் வந்து பெல் அடிக்காம போய்ட்டாரு" என்று பதில் வந்தது.

2015 வெள்ளம் உங்களுக்குத் தெரியும். முடிச்சூரில் எங்கள் தெரு முழுகிவிட்டது. அண்ணனும் ஸ்டெல்லா அண்ணியும் அம்மாவும் ஜென்சியும் பக்கத்து வீட்டு மாடியில் நாட்களை ஓட்டினார்கள். தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிச் சேற்றை வாரத் தொடங்கினார்கள். கட்டில், மெத்தை எல்லாம் ஊறி வீணாகிவிட்டிருந்தன. இருந்த ஒரே மரப் பெஞ்சில் ஜென்சியைப் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

ஊர்ப்பக்கம் இணையம் வந்த முதல் நாள் காலை, அண்ணன் எனக்கு வீடியோவில் கூப்பிட்டான். எனக்கு அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. லியாவுக்கு ஒரு வயது. பல் முளைக்கிற காய்ச்சல். இரவு முழுக்க அவளைத் தோளில் போட்டு நடந்திருந்தேன். அந்தக் கோலத்திலேயே எடுத்தேன்.

பத்து நாளாகக் குரலே கேட்காத அண்ணனின் முகம். எனக்கு அழுகை வந்தது. அவன் சிரித்தான். "அழாத, எல்லாரும் முழுசா இருக்கோம். புத்தகம்தான் எல்லாம் போச்சு." கொஞ்சம் பேசிவிட்டு, "விடியக்காலையிலேர்ந்து வயிறு முறுக்கிகிட்டு வலிக்குது பாப்பா. ஒரு தடவை வாந்தி எடுத்தேன்" என்றான்.

"தண்ணி என்ன குடிச்ச?"

"லாரித் தண்ணிதான். உங்க அண்ணி ஓமத் தண்ணி குடுத்துட்டு பால் வாங்கப் போயிருக்கா. கண்ணையே திறக்க முடியல. அப்படித் தூக்கமா வருது."

அவன் முகவாயைத் தூக்கி, மூக்கின் வழியாகப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனை ஏடாகூடமாகப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். இமைகள் பாதிக் கண்ணை மூடியிருந்தன. பேச்சு கொஞ்சம் குழறியது. நான் சிரித்தேன்.

"பத்து நாள் முழிச்சதுக்கு எல்லாம் சேர்த்து இப்ப வருது. பேசாம போய்ப் படு. உன்னை யாரும் எழுப்ப வேணாம்னு சொல்லிடு. நல்லா தூங்கினா சரியாயிடும்."

"நீ சொன்னா சரிதான், டாக்டரம்மா," என்றான் அண்ணன்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. வீங்காது. தரையில் தூங்குகிறவரைத் தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும். காலையில் வயிற்று வலியும் வாந்தியும் வரும். அப்புறம் இமை தொங்கும். தொங்கிய இமைக்குக் கீழே பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்துவார்கள். பேச்சு குழறும். எல்லோரும் தூக்கம் என்று நினைப்பார்கள். பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும்.

இதை நான் பின்னால் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு வகுப்பில் மாணவர்கள் முன்னால் நின்று இதே வரிசையில் சொன்னேன். இமை தொங்கிய முகத்தின் படத்தையும் காட்டினேன். அப்போது எங்கள் குழு ஆராய்ந்துகொண்டிருந்ததே கட்டுவிரியன் விஷத்தைத்தான்.

4

ஒரு மணிக்கு அண்ணி அவனைச் சாப்பிட எழுப்பினார். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உதவியால் ஒரு ஆட்டோ கிடைத்தது. சாலை சேறும் பள்ளமுமாக இருந்தது. தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஆட்டோ திரும்பும்போது மூச்சு நின்றிருந்தது. அங்கிருந்த மருத்துவர் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். கடைசியில் அவர்தான் கணுக்காலில் ஊசி குத்தியது போன்ற இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்து, "கட்டுவிரியனா இருக்கும்" என்று சொன்னார்.

எனக்குச் செய்தி வந்தபோது ஆய்வகத்தில் கையுறையோடு இருந்தேன். என் முன்னால் ஐஸ் பெட்டியில் அதே பாம்பின் விஷம் கரைத்து வைத்த சின்னக் குப்பி இருந்தது. அதைச் சிந்தவில்லை, உடைக்கவில்லை. மூடி போட்டு, தேதி எழுதி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அடக்கத்துக்குப் போனேன். ஏழு நிமிடத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பிரபுவிடம்கூட.

சொல்லாமல் இருந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் இது என் சொந்தத் துக்கமாகப் போயிருக்கும். ஆனால் அடக்கம் முடிந்த மறுநாளே அம்மா, அண்ணியைப் பார்த்து, "புருஷன் மத்தியானம் வரைக்கும் தூங்கறானே, எழுப்பிப் பாக்கத் தோணலையா உனக்கு?" என்று கேட்டார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். அண்ணி ஜென்சியின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அதற்குப் பிறகு அது குடும்பத்தின் வழக்கப் பேச்சாகிவிட்டது. சண்டையாக யாரும் சொல்வதில்லை. பெருமூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள். சாம் நல்லவன், ஸ்டெல்லாதான் கவனிக்காம விட்டுட்டா. அதே அம்மாவை அதே அண்ணிதான் எட்டு வருஷம் பார்த்துக்கொண்டார். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவர்தான். அம்மா இறப்பதற்கு முன் ஒரு முறை என்னிடம் போனில், "எழுப்பியிருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்" என்றார். பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணி அங்கே இருந்திருக்கிறார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன். இனி அம்மாவிடம் சொல்ல வழியில்லை.

5

அண்ணனுக்குப் பிறகு நான் முன்னிலும் அதிகமாக உழைத்தேன். கட்டுவிரியன் விஷத்தில் நரம்பு முனைகளையே சிதைக்கிற ஒரு பகுதி உண்டு. சிதைந்த பிறகு மருந்து போய்ச் சேர்ந்தாலும் நரம்பு உடனே திரும்பாது. இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் திரும்பும். இதை எழுதிய கட்டுரைகளில் என் பெயர் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் என் உழைப்பைப் பாராட்டுவார்கள். ஊர்க்காரி, சொந்த மக்களுக்காகச் செய்கிறாள் என்பார்கள். நான் தலையாட்டுவேன்.

வீடியோவில் யார் முகத்தைப் பார்த்தாலும் முதலில் இமையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. லியா காலையில் எழுந்து கொட்டாவி விட்டால், "மேலே பார், கீழே பார்" என்று சொல்லி அவள் கண்ணைப் பார்ப்பேன். முன்பெல்லாம் விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள். இப்போது பதினோரு வயது. "அம்மா, நிறுத்து" என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் டேனிஷில்தான் வரும். மாமா படத்தைக் காட்டினால், "உன் அண்ணன்" என்பாள். "என் மாமா" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஏழு நிமிடமும் அவள் என் தோளில்தான் இருந்தாள். அவள் மாமாவைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

டிராமில் ஜென்சிக்கு அந்தப் பொய்யை அனுப்பிய பிறகு மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தது வேறு. இது நான் எழுதி அனுப்பிய பொய். அவள் அதற்கு ஒரு இதயக் குறி போட்டிருந்தாள். "தேங்க்ஸ் அத்தை. அப்பா சந்தோஷமாத்தான் இருந்தாருன்னு அம்மாகிட்ட சொல்றேன்."

டிசம்பரில் பத்தாவது வருஷ நினைவு ஜெபம் வைத்திருந்தார்கள். போவது என்று முடிவு செய்தேன். லியாவையும் அழைத்துப் போக நினைத்தேன். அவளுக்கு டென்மார்க் குடியுரிமை. என் ஊருக்கு வர அவளுக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. சுற்றுலா, வியாபாரம், மருத்துவம் என்று வரிசையாக இருந்தது. அந்தப் பக்கத்தை மூடினேன். எனக்கு மட்டும் பயணச்சீட்டு எடுத்தேன்.

6

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஏறியபோது ஓட்டுநர், "இன்னா மேடம், முடிச்சூரா? மழை பெஞ்சு ரோடு ஒரே பேஜாரா கீது, சுத்தித்தான் போவணும்" என்றார். பாதித் தூரம் அண்ணனைக் கொண்டுவந்த வழியிலேயே எதிர்த்திசையில் போனோம். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. சுற்றிப் போயும் இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது.

சனிக்கிழமை காலை ஜெபம். தெருவில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பாஸ்டர், சபையார், உறவினர்கள், அண்ணனிடம் படித்த சிலர். கீர்த்தனை பாடி, வேதம் வாசித்த பிறகு, அண்ணனைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினார்கள். ராஜம்மா பெரியம்மா, அம்மாவின் அக்கா, உட்கார்ந்தபடியே மைக் வாங்கினார்.

"என் தங்கச்சி அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்தா. பாம்பு கடிச்சது விதி. கூடவே இருந்துகிட்டு ஒரு மணி வரைக்கும் தூங்க விட்டாளே ஸ்டெல்லா, அதைத்தான் தாங்க முடியல அவளால."

யாரும் அதிரவில்லை. பழகிய பாட்டு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி கடைசி வரிசையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. அவர் பக்கத்தில் ஜென்சி.

நான் எழுந்து போய் பெரியம்மாவிடமிருந்து மைக்கை வாங்கினேன். ஆர்ஹூஸிலிருந்து கிளம்பும்போது நிறைய வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அண்ணனைத் தூங்கச் சொன்னது நான்தான்," என்றேன். "அன்னிக்குக் காலையில பத்து இருபதுக்கு எனக்கு வீடியோல கூப்பிட்டான். வயிறு வலிக்குது, கண்ணு திறக்க முடியலன்னான். இமை தொங்கியிருந்தது எனக்குத் தெரிஞ்சுது. பேச்சு குழறினது தெரிஞ்சுது. நான் படிச்சது, வேலை பார்க்கறது எல்லாம் அந்தப் பாம்பு விஷத்துலதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சிரிச்சேன். யாரும் எழுப்ப வேணாம்னு சொல்லிட்டுத் தூங்குன்னேன். அண்ணிக்கு இது எதுவும் தெரியாது. அவங்க பால் வாங்கப் போயிருந்தாங்க."



பெரியம்மா எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அய்யோ கண்ணு! இத்தனை வருஷமா இதை மனசுலயே வெச்சுகிட்டு இருந்தியா? எங்கயோ தூரதேசத்துல இருந்துகிட்டு, கைக்குழந்தையை வெச்சுகிட்டு, உனக்கு என்னடி தெரியும்? போன்ல பாத்தா தெரிஞ்சிடுமா?" சித்தப்பா ஒருவர், "டாக்டருக்கே செத்தப்புறம்தான தெரிஞ்சுது" என்றார். பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். என் முதுகை எத்தனையோ கைகள் தடவின.

அப்போது ஜென்சி எழுந்தாள். "அத்தை, அப்ப நீங்க சொல்லியிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?"

"ஏய், சும்மா இரு. அத்தையே உடைஞ்சு போயிருக்காங்க," என்றது ஒரு குரல்.

"அவ கேக்கட்டும்," என்றேன். "பிழைச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சும்மா. ரெண்டரை மணி நேரம் கையில இருந்துச்சு. மூச்சு நிக்கறதுக்கு முன்னால ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தா மெஷின்ல வெச்சுக் காப்பாத்தியிருக்கலாம்."

"அன்னிக்கு நான் கேட்டப்போ ஏன் வெள்ளத்தைப் பத்திப் பேசினோம்னு சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

7

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு சமையலறைக்குப் போனேன். அண்ணி பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன்.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல, ரூத்," என்றார் அண்ணி.

"எது அண்ணி?"

"உன்னை மன்னிக்கறதுக்கு. அவங்களுக்கு."

கோபமே இல்லாத குரல்.

"மூணு தடவை போய்ப் பாத்தேன்," என்றார். "அவரு பகல்ல படுக்கற ஆளே இல்ல. எழுப்பலாமான்னு நினைச்சேன். நான் பால் வாங்கிட்டு வந்தப்போ, 'என்னை எழுப்பாத ஸ்டெல்லா, தூங்கினா சரியாயிடும்'னு அவ்வளவு உறுதியா சொன்னாரு. கண்ணை மூடிகிட்டே. ஏன் அப்படிச் சொன்னாரு, ஏன் அப்படிச் சொன்னாருன்னு பத்து வருஷமா யோசிச்சிருக்கேன். ஒருவேளை என் மேல ஏதாவது கோவமோன்னு கூட நினைச்சிருக்கேன். முந்தின நாள் சேறு வாரும்போது ஒரு சின்ன சண்டை போட்டுகிட்டோம்."

"அண்ணி, நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தாலும் என்னைத்தான் பேசியிருப்பாங்க. அது மாறியிருக்காது. இன்னிக்குப் பாத்தல்ல, உன்னைச் சுத்தி எல்லாரும் நின்னாங்க. என் பக்கம் யாரும் திரும்பல." அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். கையை உதறினார். "ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும் ரூத். ராத்திரி படுக்கும்போது எனக்காவது தெரிஞ்சிருக்கும்."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்தப் போனார். கதவுக்கு அடியில் துணியைச் சுருட்டி அடைத்தார். கூடத்தில் கட்டில்களாகவே கிடந்தன. அந்த வீட்டில் பத்து வருஷமாக யாரும் தரையில் படுப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

8

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. லியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழிலும் பாதி என் கோணல் டேனிஷிலும். அவள், "நானும் அங்கே இருந்தேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று மாலை ஜென்சிக்கு அவளே ஒரு குரல் பதிவு அனுப்பினாள். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜென்சியிடமிருந்து அவளுக்குப் பதில் வருகிறது. எனக்கு இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி எனக்குக் கூப்பிடுவது வழக்கம். என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பத்து நிமிடம் பேசுவார். நான்கு ஞாயிறு போய்விட்டது. கூப்பிடவில்லை.

பிரபு, "நீ கூப்பிடேன்" என்கிறார். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி எடுக்காமல் போய்விடுவார் என்று எனக்குப் பயமில்லை. எடுப்பார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள், "பரவால்ல விடு ரூத்" என்று சொல்லிவிடுவார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.